காவலர் மீது வழக்கும் நட்டஈடும்
(தேவதானத்தில் ஆற்றிய உரை)



காவலர் ஒருவர் அடித்தார் என்று புகார் செய்தால், நம் மக்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஓர் இடமாற்றத்தையே. அவர் வேறு ஊருக்குப் போனதும் நீதி கிடைத்துவிட்டதாக எண்ணி அமைதி கொள்கிறோம். அடிபட்டவன் இழந்த கூலியும் மருத்துவச் செலவும் யார் கணக்கில் எழுதப்படும்? அவற்றை ஈடுசெய்யக் கோரும் வழக்கைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இவ்வழி நெடுநாள் அடைபட்டே கிடந்தது. 1947இல் மீரட் நகரில் அமிர்தசரஸ் வணிகர் ஒருவரை ஐயத்தின்பேரில் பிடித்து, அவரிடமிருந்த நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தைக் காவலர் கைப்பற்றினர். அப்பொன்னைத் தலைமைக் காவலர் ஒருவரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். அரசின் மீது தொடுத்த வழக்கை 1964இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் இறைமைச் செயல்கள். அவற்றில் நேர்ந்த கேட்டுக்கு அரசு பொறுப்பாகாது என்பது தீர்ப்பு. பொன் வைத்திருந்தவருக்கே இக்கதி!

பின்னர் அவ்வழியை அகலத் திறந்தது ஒரு தாயின் கடிதம். 1987 டிசம்பரில், அன்றைய ஒரிசாவில், காவலர் அழைத்துச் சென்ற 22 வயது இளைஞன் மறுநாள் இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தான். அன்னை நீலபதி பெகரா 1988இல் உச்ச நீதிமன்றத்திற்கு எழுதினார். அக்கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டு, 1993இல் 1,50,000 ரூபாய் நட்டஈடு வழங்க ஆணை பிறந்தது. அடிப்படை உரிமை பறிபோன இடத்தில் இறைமை என்னும் தடை நில்லாது என்றும் நீதிமன்றம் உரைத்தது.

நம் மாநிலத்து வாச்சாத்தியை அறியாதார் இரார். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அப்பழங்குடி ஊருக்குள் புகுந்தனர். பெண்கள் பதினெண்மர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 54 பேர் இடையே இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, அப்பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் ஆணையிட்டது. முப்பத்தோராண்டுகள்! இத்தாமதத்தை நான் புகழமாட்டேன்; சொன்ன சொல்லிலிருந்து பிறழாத அப்பெண்களையே வணங்குகிறேன்.

நமக்கோ சட்டம் அத்தனை காலம் தருவதில்லை. முறையின்றி அடைத்துவைத்ததற்கு ஈடு கோர, விடுபட்ட நாளிலிருந்து ஓராண்டே கெடு. பொய்வழக்குக்கு, விடுதலை பெற்றதிலிருந்து ஓராண்டு. அரசு ஊழியர் பணிநிமித்தம் செய்ததற்கு வழக்கிடுமுன் இரண்டு மாத அறிவிப்பும் வேண்டும். மனித உரிமை ஆணையமும் ஓராண்டு கடந்ததை விசாரியாது. 'பெரியவர்கள் பேசி முடிக்கட்டும்' என்று காத்திருந்தே இக்கெடுவைத் தவறவிடுகிறோம்.

படித்த பிள்ளைகளே, அடிபட்டவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காயத்தைப் பதிவு செய்யுங்கள். நாள், நேரம், காவலர் பெயர் ஆகியவற்றைப் புகாரில் குறியுங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டா. திருவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினர்க்கு வருமான வரம்பின்றி அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். சாதிச் சான்றிதழை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.