ஆறில்லா ஊரின் தண்ணீர்

இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போவோம். நல்லூரையும் கோட்டையையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாம் போவது கிணறுகளைப் பார்க்க.

நகரிலிருந்து இராச வீதியைப் பிடித்து வடகிழக்கே போங்கள். கோப்பாய் கழிந்து நீர்வேலி வந்தால் வாழைத் தோட்டங்கள். அதற்கப்பால் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி. மண் செக்கச் சிவந்து கிடக்கும். இவ்வளவு பயிருக்கும் தண்ணீர் தர ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் குடாநாட்டில் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் வழுக்கையாறு ஓடும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை வழியாக அராலியில் கடலேரியைச் சேரும். மழை நின்றால் அதுவும் நின்றுவிடும்.

தண்ணீர் எல்லாம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தில், அதாவது 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமில்லாத கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகிய கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. கல்லிலுள்ள சின்ன வெடிப்புக்குள் அது இறங்கிக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. வெடிப்பு பொந்தாகிறது, பொந்து குகையாகிறது. கல்லில் கரையாமல் மிஞ்சும் களியும் இரும்புச் சத்தும்தான் மேலே செம்மண்ணாகத் தங்கியிருக்கின்றன. கரைந்த கல்லை யாழ்ப்பாணத்து வீடுகளில் நீங்களே பார்க்கலாம். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

புத்தூரைத் தாண்டி நவக்கிரியில் இறங்குங்கள். வீதியோரத்திலேயே நிலாவரை. குகையின் கூரை தாங்கமாட்டாமல் இடிந்து விழ, உள்ளே இருந்த நீர் வெளிச்சத்துக்கு வந்த இடம் இது. வெட்டிய கிணறு அல்ல. பச்சையும் நீலமுமாக அசையாமல் நிற்கும் நீரைச் சுற்றுமதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும்போது, இதற்கு அடியே இல்லை என்று ஊர் ஏன் நம்பியது என்று விளங்கும். இராமர் தம் படையின் தாகம் தீர்க்க அம்பு எய்த இடம் என்பார்கள். இங்கே போட்ட எலுமிச்சம்பழம் வடகரையிலுள்ள கீரிமலைக் கேணியில் மிதந்தது என்றும் சொல்வார்கள். அந்தப் பழத்தைக் கண்டவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் நிலத்துக்குக் கீழே வழிகள் உண்டு, தண்ணீர் ஊர்விட்டு ஊர் நடக்கிறது என்ற அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நிலாவரையில் மேலே நன்னீர். ஆழம் போகப் போக உவர். அடியில் கடல் உப்பு. குடாநாடு முழுவதற்கும் இதுவே நிலை. கடல்நீர் கனம் கூடியது. அதன்மேல் மழைநீர் ஒரு படலமாக மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 1 அடி மேலே இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே 1 அடி குறையும்படி இறைத்துவிட்டால் கீழிருந்து 40 அடி உப்பு ஏறும். நிலமோ பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரம்கூட இல்லாதது. துலா என்னும் ஏற்றத்தில் பட்டையைக் கட்டி மனிதர் மிதித்து இறைத்த காலத்தில், உடல் களைத்ததும் கிணறு ஓய்வு பெற்றது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. பம்பு வந்தபின் பல கிணறுகள் உவராகிப் போனதன் காரணம் இதுதான்.

இனி மேற்கே திரும்பி, வடகரையில் கீரிமலைக்கு வாருங்கள். நகுலேஸ்வரம் கோயிலின் அருகே, அலை மோதும் கரையோரத்திலேயே கேணி. மதிலுக்கு அப்பால் உப்புக்கடல். இப்பால், கல்லின் பொந்துகளால் ஊறி வரும் நன்னீர். ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டு கேணிகள். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிறவர்கள் கடலிலும் கேணியிலும் நீராடுவார்கள். போர்க்காலத்தில் நீண்ட நாள் மக்கள் இங்கே வர முடியாமல் இருந்தது. தண்ணீர் மட்டும் தன்பாட்டில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

கீரிமலையிலிருந்து கிழக்கே காங்கேசன்துறை அருகில்தான். 1950 முதல் 1990 வரை அங்கே சீமெந்து செய்தார்கள். அதற்காகக் கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்னும் திறந்து கிடக்கின்றன. மழைநீரை வடித்து இறக்கும் கல்லை வெட்டி எடுத்துவிட்டால் அந்த வேலையைச் செய்ய வேறொன்றும் இல்லை. கடலோரத்தில் ஆழமாகத் தோண்டுவது உப்பு உள்ளே வர வழியும் ஆகிறது.

பொந்து நிறைந்த கல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. மேலே எதை ஊற்றினாலும் தடுக்காமல் கீழே விட்டுவிடும். தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைத்திரேற்று கிணற்று நீரில் சேர்கிறது. மலக்குழியின் கழிவும் அப்படியே. சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றிலுமுள்ள கிணறுகளில் கலந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயிற்று. பணம் கொடுக்கலாம். ஆனால் ஒரு கிணற்றை இறைத்துக் கழுவுவதுபோலக் கல்லுக்குள் ஓடும் பொந்துகளைக் கழுவ முடியாது.

குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. அந்த மழையை ஓடவிடாமல் பிடித்து, கல்லுக்குள் மெல்ல இறக்குவதற்காகவே முன்னோர் குளங்களையும் கேணிகளையும் வெட்டி வைத்தார்கள். இன்று பல தூர்ந்துவிட்டன. சில வீட்டுக்காணிகளாகவும் மாறிவிட்டன. யாழ்ப்பாணத்தில் இன்னொரு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதைவிட, தூர்ந்த குளம் ஒன்றை வெட்டித் திறப்பது அவசரம் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் போகும்போது நிலாவரையோடும் கீரிமலையோடும் திரும்பிவிடாமல், ஊருக்குள் இறங்கி அந்தக் குளங்களையும் விசாரித்துப் பாருங்கள்.