விழித்திரையின் செந்நிறம்

நண்பகல் வெயிலிலிருந்து படமாளிகைக்குள் நுழைபவர் முதலில் ஒன்றுங் காணாது தடுமாறுவர். பின்னர் ஆசனங்கள் மெல்லப் புலப்படும். கண் இருளுக்கு முற்றாகப் பழக அரைமணி நேரமளவு செல்லும். அவ்வளவு நேரமும் விழித்திரையில் ஒரு புரதம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.

உரொடொப்சின் என்பது அதன் பெயர். இருளில் வைத்த தவளையின் விழித்திரை செந்நிறமாயிருப்பதையும், ஒளி பட்டதும் வெளிறுவதையும் 1876 இல் உரோமாபுரியிற் கண்டவர் பிரான்ஸ் போல். புரதத்தோடு பிணைந்து அந்நிறத்தைத் தருவது, விற்றமின் ஏ யிலிருந்து பிறக்கும் ஒரு சிறு மூலக்கூறு. இருளில் அது வளைந்து கிடக்கும்; ஒளி பட்டதும் நிமிரும். அந்நிமிர்வு புரதத்தின் உருவை மாற்ற, நரம்பு வழியே மூளைக்குச் செய்தி செல்கிறது. மங்கிய ஒளியிற் காணும் காட்சியெல்லாம் இவ்வற்ப அசைவிலேயே தொடங்குகின்றது! விழித்திரையில் விற்றமின் ஏ உண்டென 1933 இல் கண்டறிந்த ஜோர்ஜ் உவால்ட், 1967 இல் நோபல் பரிசு பெற்றார்.

அச்சத்துக் குறைந்தாற் புரதம் போதியளவு மீளாது. பகலில் ஓடி விளையாடும் பிள்ளை, பொழுது சாய்ந்ததும் வாசற்படியில் இடறும். அதனைக் கவனக்குறைவென்று கண்டிக்கும் பெற்றோரும் உளர்; அது கொடுமை. மாலைக்கண்ணை அசட்டை செய்தால், கருவிழியின் மேற்படலம் உலர்ந்து புண்பட்டு, மீளாக் குருடு நேரலாம். ஈரல், முட்டை மஞ்சட்கரு, முருங்கையிலை, பப்பாசி என்பன அச்சத்தை அளிப்பன. எனினும், இடறும் பிள்ளையை உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தக்க அளவில் விற்றமின் கொடுத்தால், பெரும்பாலும் சில நாட்களிலேயே மாலைப்பார்வை திரும்பிவிடும்.