ஆபரேசன் ஆஸ்பத்திரியில், குணமாவது வீட்டில்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க சேமிப்பு, வங்கிக் கடன், தொழில் பத்தியெல்லாம் நல்லாச் சொன்னாங்க. நான் பேசப் போறது கக்கூஸ் பத்தி. சிரிக்காதீங்க அக்கா. நம்ம வீட்டுப் பெரியவங்க கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேசன் ஆகி வந்தா, அவங்க எழுந்து நடக்கறதும் படுத்த படுக்கையா ஆகறதும் பெரும்பாலும் அந்தச் சின்ன ரூம்ல தான் முடிவாகுது. அதை என் கண்ணால பார்த்ததால தான் சொல்றேன்.

எங்க அத்தைக்கு, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, 68 வயசு. முப்பது வருசத்துக்கு மேல தறிக்குடோன்ல தார் சுத்தி குடும்பத்தைக் காப்பாத்தினவங்க. போன வருசம் பொடக்காலியில பாத்திரம் கழுவற இடத்துல பாசி வழுக்கி விழுந்துட்டாங்க. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். தொடை எலும்போட தலைப்பகுதி, பந்து மாதிரி இருக்கறது, கழுத்துல உடைஞ்சு போச்சுன்னாங்க. அந்தப் பந்தை எடுத்துட்டு உலோகப் பந்து வெச்சாங்க. ஆபரேசன் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல போச்சு. மறுநாளே வாக்கர் பிடிச்சு நிக்க வெச்சாங்க. நல்லாவே செஞ்சாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுக்கு அனுப்பும்போது குடுத்த சீட்டு முழுக்க இங்கிலீஷ். பயிற்சி சொல்லிக் குடுக்கற பிசியோ பொண்ணு தான் உட்கார்ந்து பொறுமையாச் சொன்னாங்க.

மூணு விசயம் சொன்னாங்க. முதல்ல, இடுப்பை ரொம்ப மடக்கக் கூடாது. உட்காரும்போது முழங்கால் இடுப்பை விட மேலே ஏறக் கூடாது. ரெண்டாவது, கால் மேல கால் போடக் கூடாது. மூணாவது, ஆபரேசன் ஆன கால் பாதத்தை உள்பக்கமாத் திருப்பக் கூடாது, அந்தப் பக்கம் உடம்பை முறுக்கித் திரும்பக் கூடாது. ஏன்னு கேட்டேன். "அக்கா, இது பந்து கிண்ண மூட்டு. பந்தைச் சுத்தி இருக்கற தசையும் சவ்வும் ஆபரேசனுக்காகப் பிரிச்சது. அது ஒட்டி இறுகற வரைக்கும் ரொம்ப மடக்கினா பந்து கிண்ணத்தை விட்டு நழுவிரும்"னு கையை மூடிக் காட்டினாங்க.

இப்போ நம்ம வீட்டுக் கக்கூஸை நினைச்சுப் பாருங்க. 2014-ல தூய்மை பாரத இயக்கம் வந்த பிறகு 12,000 ரூபாய் மானியத்துல நம்ம ஊருகள்ல எத்தனையோ வீட்டுக்குக் கக்கூஸ் வந்துச்சு. பொம்பளைங்க இருட்டு வரக் காத்திருந்து காட்டுக்குப் போன காலம் போச்சு. அது பெரிய காரியம். ஆனா கட்டினது எல்லாம் தரையில பதிச்சது, குத்தவெச்சு உட்கார்றது. குத்தவெச்சா தொடை வயித்தைத் தொடற அளவுக்கு இடுப்பு மடங்குது. இந்த மூட்டு மாத்தற ஆபரேசனை 1962-ல இங்கிலாந்துல ஜான் சார்ன்லின்னு ஒரு டாக்டர் நல்லபடியாச் செஞ்சு காட்டினாராம். அந்த ஊர்க்காரங்க முன்னயிருந்தே நாற்காலி மாதிரி கமோடுல உட்கார்றவங்க. அவங்களுக்கே அது பத்தாதுன்னு மேல ரெண்டு, நாலு, ஆறு அங்குலம் உயரம் வெச்சுக் குடுக்கறாங்க. அப்போ தரையில உட்கார்ற நமக்கு எவ்வளவு கவனம் வேணும்னு பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்த நாற்காலியில உட்கார மாட்டேன்னுட்டாங்க. "நான் என்ன நொண்டியா? பொடக்காலிக்குக் கூட்டிட்டுப் போ கண்ணு, சுவத்தைப் பிடிச்சுக்கறேன்"னாங்க. பார்க்க வந்த சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. "குத்தவெச்சுப் பழகினா தான் காலு பழையபடி வரும்"னு ஒருத்தர். "எண்ணெய் போட்டு நீவி விடு"ன்னு இன்னொருத்தர். அத்தை என்ன பண்ணினாங்க தெரியுமா? சாப்பாட்டைக் குறைச்சுட்டாங்க. காலையில ஒரு இட்லி. தண்ணி கேட்டா அரை டம்ளர். வெளிய போக வேண்டியது வரக் கூடாதுன்னு. இதை அவங்க யார்கிட்டயும் சொல்லலை. மூணாம் நாள் தட்டைப் பார்த்து நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

இது தான் அக்கா ஆபத்து. வலி மாத்திரை சிலது மலச்சிக்கலைக் கொண்டு வரும். படுத்தே இருந்தாலும் கட்டும். தண்ணியும் குடிக்கலைன்னா இன்னும் இறுகிப் போகும், முக்கினா உடம்பு வேர்த்துத் தலை சுத்தும். மூத்திரத்தை அடக்கினா மூத்திரக் கடுப்பும் காய்ச்சலும் வரும். சாப்பிடலைன்னா புண் ஆறறதுக்கும் தசை வளர்றதுக்கும் தெம்பு எங்க இருந்து வரும்?

நான் அத்தைகிட்ட சண்டை போடலை. "அத்தை, தறியில பாவு அறுந்தா முடி போட்டதும் உடனே வேகமா ஓட்டுவீங்களா? முடி நிக்குதான்னு பார்த்துத் தான ஓட்டுவீங்க? இடுப்புலயும் இப்போ முடி தான் போட்டிருக்கு. இது நொண்டி நாற்காலி இல்லை, முடி நிக்கற வரைக்கும் தாங்கற நாற்காலி"ன்னேன். அரை மணி நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "கதவைச் சாத்திட்டு நீ வெளிய நில்லு"ன்னாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு அது பிரச்சினையாவே இல்லை. வெக்கம் தான் அவங்களைத் தடுத்துச்சு, நாற்காலி இல்லை.

இனி உங்களுக்கு உபயோகமானதைச் சொல்றேன். வேணுங்கறவங்க குறிச்சுக்குங்க.

கமோடு நாற்காலின்னு மெடிக்கல் சாமான் கடையில கிடைக்குது. கீழே வாளி வெச்சிருக்கும். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்துலயே வெச்சுக்கலாம். பகல்ல அந்த வாளியை எடுத்துட்டு நாற்காலியை அப்படியே நம்ம தரைக் கக்கூஸ் மேல நிறுத்திக்கலாம். இடிக்க வேண்டாம், உடைக்க வேண்டாம். கால்ல ஓட்டை ஓட்டையா இருக்கறதை வாங்குங்க, உயரத்தை ஏத்தி இறக்கலாம். ஏற்கனவே மேடைக் கமோடு இருக்கற வீட்டுல அதுக்கு மேல மாட்டற உயரச் சீட்டு வாங்கினாப் போதும். பக்கத்துல இருக்கற திருகை இறுக்கி, ஆடாதான்னு தினமும் ஒரு தடவை அசைச்சுப் பாருங்க. எத்தனை கிலோ தாங்கும்னு கேட்டு வாங்குங்க.

உயரம் எப்படிப் பார்க்கறது? ஆளை நாற்காலியில உட்கார வெச்சு, முழங்காலுக்குப் பின்னாடி மடிப்புல இருந்து தரை வரைக்கும் அளங்க. சீட்டு அதை விட ரெண்டு அங்குலம் உயரமா இருக்கட்டும். எங்க அத்தைக்கு 16 அங்குலம், நாங்க 18 வெச்சோம். கடையில விக்கற சின்ன ஸ்டூல் பல பேருக்கு உயரம் பத்தாது, அளக்காம வாங்கிராதீங்க. பிளாஸ்டிக் நாற்காலியில ஓட்டை போட்டு வைக்கறதும் வேண்டாம். ஈரத் தரையில கால் விரிஞ்சு சறுக்கும், உடையும். நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில இரும்புக் குழாயில ஸ்டாண்ட் அடிச்சுத் தருவாங்க. அளவு சொல்லி, ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சு, நாலு கால்லயும் ரப்பர் புஷ் மாட்டச் சொல்லுங்க.

உட்காரும்போது வாக்கரோட பின்னாடியே போய், சீட்டு ரெண்டு காலோட பின்பக்கத்துலயும் படற வரைக்கும் நகரணும். ஆபரேசன் ஆன காலைக் கொஞ்சம் முன்னாடி நீட்டிக்கணும். கையை ஒண்ணொண்ணாக் கைப்பிடிக்கு மாத்தி மெதுவா இறங்கணும். எழும்போதும் அந்தக் கால் முன்னாடி இருக்கட்டும், கைப்பிடியை அழுத்தி எழணும். வாக்கரைப் பிடிச்சு இழுத்து எழக் கூடாது, அது சாஞ்சிரும். துண்டு போடற கம்பியையோ குழாயையோ பிடிச்சும் எழக் கூடாது.

கழுவறது தான் நம்ம ஊர்ல யாரும் சொல்லித் தராத விசயம். வாளி தரையில இருந்தா குனியணும், முறுக்கணும். ரெண்டும் ஆகாது. வாளியை ஒரு ஸ்டூல் மேல கைக்கு எட்டற உயரத்துல, ஆபரேசன் ஆகாத பக்கம் வைங்க. முடிஞ்சா கையில பிடிச்சு அடிக்கற தண்ணிக் குழாய் ஒண்ணு மாட்டிருங்க. ராத்திரி வைக்கற வாளியில முன்னாடியே கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சா ஒட்டாது, கழுவறவங்களுக்கும் சிரமம் இல்லை. பிளீச்சிங் தண்ணி ஊத்திக் கழுவிருங்க.

ஆபரேசன் நாள் தெரிஞ்சதுமே, ஆள் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கக்கூஸ் கதவை அளங்க. எங்க வீட்டுக் கதவு ரெண்டடி, வாக்கர் அதுக்கு மேல. அதனால நாங்க கதவைக் கழட்டி வெளிப்பக்கம் திறக்கற மாதிரி அகலமா மாத்தினோம். கதவு உள்பக்கம் திறந்தா, உள்ளே ஆள் விழுந்துட்டா திறக்கவே முடியாது. அதையும் யோசிங்க.

மூட்டு மாத்தாம கம்பியோ ஆணியோ வெச்சவங்களுக்கும், எந்தப் பக்கம் வெட்டி ஆபரேசன் செஞ்சாங்கங்கறதைப் பொறுத்தும் இந்தக் கட்டுப்பாடு மாறும். எத்தனை வாரம்னு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க. எங்களுக்கு மூணு மாசம் சொன்னாங்க. அதுக்கப்புறமும் குத்தவெச்சு உட்கார வேண்டாம்னுட்டாங்க. திடீர்னு பொறுக்க முடியாத வலி வந்து, கால் கட்டையானாப்பல தெரிஞ்சு, ஊன முடியலைன்னா மூட்டு நழுவியிருக்கலாம். நீவ வேண்டாம், இழுக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்க. கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலும், நெஞ்சு அடைச்சு மூச்சு வாங்கினாலும் காத்திருக்கக் கூடாது, அது ரத்தக்கட்டா இருக்கலாம்.

2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ பயிற்சி குடுக்கறாங்க. அதுல வர்ற பெண் தன்னார்வலர்கள் நம்ம மாதிரி குழுப் பெண்கள் தான். அவங்ககிட்ட சொல்லி வைங்க. 2017-ல வந்த ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்துல 60 வயசு தாண்டின ஏழைப் பெரியவங்களுக்கு முகாம் போட்டு வாக்கர், ஊன்றுகோல் மாதிரி சாமான் இலவசமாத் தர்றாங்க. முகாம் எப்பன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. ஆனா முகாம் வர்ற வரைக்கும் இடுப்பு உடைஞ்சவங்க காத்திருக்க முடியாது. இன்னைக்கு வீட்டுக்கு வந்தா இன்னைக்கே நாற்காலி வேணும்.

அதனால கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கறேன். நாம விசேசத்துக்கு அண்டா, குண்டா, பாய் வாங்கி வாடகைக்கு விடறோம். ஒரு கமோடு நாற்காலி எங்களுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆச்சு. மூணு மாசத்துக்குத் தான் வேணும், அப்புறம் அட்டாலியில ஏத்தி வெச்சிருவோம். பொது நிதியில மூணு கமோடு நாற்காலி, ரெண்டு வாக்கர், மாட்டற சீட்டு ரெண்டு வாங்கி நம்ம கட்டடத்துல வைக்கலாம். ஒரு நோட்டு போட்டு, முன்பணம் வாங்கிட்டுக் குடுக்கலாம். திரும்ப வரும்போது கழுவி, ரப்பர் புஷ் தேஞ்சிருக்கான்னு பார்த்து, திருகை இறுக்கி எடுத்து வைக்கணும். முன்பணம் இல்லாதவங்களுக்கு அவங்க குழு ஜவாப் சொன்னாப் போதும். எங்க அத்தை உபயோகிச்ச நாற்காலியை முதல் நாற்காலியா நான் குடுத்துடறேன். அத்தையே "குடுத்துரு கண்ணு, யாராவது எழுந்து நடக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. அவங்க இப்போ தெருக் கோடி வரைக்கும் ஊன்றுகோலோட நடக்கறாங்க. வீட்டுல மேடைக் கமோடு வெச்சுட்டோம்.

இந்த வயசான அம்மாக்கள் தான் நம்மளைப் படிக்க வெச்சவங்க, நம்ம புள்ளைங்களைத் தொட்டில்ல ஆட்டினவங்க. கக்கூஸுக்குப் போகணுமேன்னு பயந்து அவங்க பட்டினி கிடக்கற வீடு நம்ம கூட்டமைப்புல ஒண்ணு கூட இருக்க வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துல இதைத் தீர்மானமாப் போட்டு, எல்லாக் குழுவும் கையெழுத்துப் போடணும்னு கேட்டுக்கறேன்.