இரண்டு மீட்டர் அன்பு



தலைப்பு என்ன? "காட்டுயிர்கள் காக்கப்படுவது மனிதன் தேடிப் போய்ப் பார்ப்பதாலா, தேடாமல் விட்டுவிடுவதாலா?" எனக்கு முன்னால் பேசிய அம்மா, "மனுஷன் கால் பட்ட இடத்தில் புல்கூட முளைக்காது" என்றார்கள். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். (சிரிப்பு) நல்ல பேச்சுக்கு எதிரணி என்ன, நம்மணி என்ன! ஆனால் நடுவர் அவர்களே, மனுஷன் கால் பட்டும் புல் முளைக்கிற, அந்தப் புல்லைத் தின்கிற ஆமையும் பிழைத்துக்கொண்ட ஓர் ஊரை நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அண்மையில் எங்கள் இருவரையும் கலாபகோஸ் தீவுகளுக்குக் கூட்டிப் போனார்கள். தென்னமெரிக்காவில் ஈக்வடார் நாடு. அதன் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில், பூமத்திய ரேகை மேலேயே இருக்கிறது அந்தத் தீவுக் கூட்டம். அந்தப் பெயரே ஆமையால் வந்த பெயர்.

விமானம் ஏறுவதற்கு முன்பே பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். என் வீட்டம்மா மகள் வீட்டிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தார். கப்பல் சாப்பாடு எப்படி இருக்குமோ என்ற கவலை! (சிரிப்பு) அத்தனையும் போச்சு. விதை, பழம், செடி எதுவும் அந்தத் தீவுக்குள் போகக் கூடாது. "ஏங்க, இந்தக் கறிவேப்பிலை போய் அங்க என்ன பண்ணிடும்?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதில் அப்புறம் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பதினாறு பேர் போகிற சின்னக் கப்பல். இரவெல்லாம் ஓடும். விடிந்து எழுந்தால் சன்னலுக்கு வெளியே வேறொரு தீவு நிற்கும். எல்லாமே எரிமலை கக்கிய தீவுகள். எப்படி என்றால், கடலுக்கு அடியில் ஓர் அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு நகர்வதில்லை. மேலே இருக்கிற தோசைக்கல் மெல்லக் கிழக்கே நகர்கிறது. அடுப்புக்கு நேர்மேலே வருகிற இடத்தில் ஒரு தீவு பொங்கும். அதனால் மேற்கே இருக்கிற பெர்னாண்டினா, இசபெலா இளசு. 2024-இல்கூட பெர்னாண்டினா எரிமலை வெடித்தது. கிழக்கே இருக்கிற எஸ்பனோலா, சான் கிறிஸ்டோபல் எல்லாம் முப்பது லட்சம் ஆண்டைத் தாண்டிய கிழடு. நம்ம நடுவரைவிடக் கொஞ்சம் மூத்தது. (சிரிப்பு, கைதட்டல்)

இதை எதற்குச் சொல்கிறேன்? இந்தத் தீவுகள் ஒருநாளும் கண்டத்தோடு ஒட்டியிருந்ததில்லை. நீந்தி வந்தது, மிதந்து வந்தது, பறந்து வந்தது மட்டும்தான் அங்கே குடியேறியது. புலி இல்லை, சிறுத்தை இல்லை, நரி இல்லை. அதனால் அங்கே இருக்கிற ஜீவன்களுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. கடலுக்குள் இறங்கிப் பாசி மேய்கிற ஒரு பல்லியினம் உலகத்திலேயே அங்கேதான் உண்டு. கடல் இகுவானா என்று பெயர். நம்ம உடும்பு மாதிரி கன்னங்கரேலென்று பாறையில் படுத்துக்கொண்டு, மூக்கு வழியாக உப்பைப் 'புஸ்' என்று தும்மும். நாம் பக்கத்தில் போனால் ஓடாது. "நீ யாருடா?" என்று பார்க்கும். பறக்க மறந்துபோன நீர்க்காகம் ஒன்று உண்டு. நீலக்கால் பூபி என்று ஒரு பறவை. அதில் ஆண், பெண்ணுக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கிக் காட்டும், அப்புறம் இன்னொரு காலைத் தூக்கிக் காட்டும். "பார், என் கால் எவ்வளவு நீலம்!" அவ்வளவுதான் பெண் பார்க்கும் படலம். வரதட்சணை கிடையாது! (பலத்த கைதட்டல்)

இந்தப் பயமில்லாத குணமே அதுகளுக்கு எமனாக வந்தது. கடற்கொள்ளைக்காரர்கள் வந்தார்கள், திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்தன. ஆமையைப் பார்த்தார்கள். ஓடாது, கடிக்காது. கப்பலில் போட்டால் ஒரு வருஷம்கூடச் சோறு தண்ணி இல்லாமல் உயிரோடு கிடக்கும். வாரிக்கொண்டு போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேலே போயிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1835-இல் டார்வின் அங்கே ஐந்து வாரம் இருந்தார். உலகத்தின் சிந்தனையையே மாற்றிய பெரிய மனிதர். அவரும் ஆமைக்கறி சாப்பிட்டார், ஆமை மேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். அவர் வந்த கப்பலில் ஏற்றிய ஆமைகளைத் தின்றுவிட்டு ஓட்டைக் கடலில் வீசினார்கள்.

எதிரணி நண்பர்கள் இப்போது சிரிக்கிறார்கள். "பார்த்தீர்களா, தேடிப் போனவன்தானே தின்றான்!" ஐயா, அவர்கள் பார்க்கப் போகவில்லை. எடுக்கப் போனார்கள். பார்க்கப் போவது வேறு, எடுக்கப் போவது வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் நான் சொல்ல வந்தேன்.

எஸ்பனோலா தீவில் கார்ட்னர் விரிகுடா என்று ஒரு வெள்ளை மணல் கடற்கரை. மணல் முழுக்கக் கடற்சிங்கங்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து படுத்திருக்கிற சொந்தக்காரர்கள் மாதிரி. (சிரிப்பு) ஒரு குட்டி தத்தித் தத்தி என்னை நோக்கி வந்தது. பேரப்பிள்ளை தவழ்ந்து வருகிற மாதிரி. என் கை தானாக நீண்டுவிட்டது. வழிகாட்டி இளைஞர் ஒரே சத்தம் போட்டார்: "இரண்டு மீட்டர்!"

முப்பது வருஷமாக மேடையில் பேசுகிறவன் நான். என்னை இரண்டே சொல்லில் வாயடைத்தவர் அவர்தான். நான் சங்கடத்தோடு சொன்னேன்: "தம்பி, நான் அடிக்கப் போகவில்லை. அன்பாய்த் தடவத்தான் போனேன்." அவர் சொன்னார்: "தாய் கடலுக்குள் மீன் பிடிக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து குரலாலும் வாசனையாலும்தான் தன் பிள்ளையைக் கண்டுபிடிப்பாள். உங்கள் கை வாசனை அதன்மேல் ஏறினால் அவள் குழம்பிப்போகலாம். நீங்கள் நாளைக்கு ஊருக்குப் போய்விடுவீர்கள். பட்டினி கிடப்பது அது."

நடுவர் அவர்களே, அந்த இடத்தில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றி எத்தனை மேடையில் முழங்கியிருக்கிறேன்! பேகன் அந்தத் தீவுக்குப் போயிருந்தால், "ஐயா, போர்வையை மடித்துப் பையில் வையுங்கள், இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். (கைதட்டல்) கொடுப்பதில் ஓர் அன்பு உண்டு. கையை இழுத்துக்கொள்வதிலும் ஓர் அன்பு உண்டு. இரண்டாவதை நான் அறுபதை நெருங்குகிற வயதில், ஒரு குட்டிக் கடற்சிங்கத்திடம் படித்தேன். புத்தகம் படித்து வரவில்லை ஐயா. போய்ப் பார்த்ததனால் வந்தது.

அந்த இளைஞர் இன்னொன்றும் சொன்னார்: "என் தாத்தா ஆமையைத் தின்று பிழைத்தவர். நான் ஆமையைக் காட்டிப் பிழைக்கிறேன்." இதைவிட என் கட்சிக்கு வேறு சாட்சி வேண்டுமா? சுமார் 30 ஆயிரம் பேர் வாழ்கிற தீவுகள் அவை. ஆமை உயிரோடு இருந்தால்தான் தன் வீட்டு அடுப்பு எரியும் என்று தெரிந்த மக்கள், காவலுக்கு ஆள் போடாமலே காவல் காப்பார்கள். 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 200 டாலர். அதில் ஒரு பங்கு தேசியப் பூங்காவுக்குப் போகிறது.

எதிரணித் தலைவர் குறிப்பு எடுக்கிறார். அவர் கேட்கப்போவதை நானே கேட்டுவிடுகிறேன். 2001 ஜனவரியில் சான் கிறிஸ்டோபல் அருகே எண்ணெய்க் கப்பல் ஒன்று தரைதட்டி எண்ணெய் கொட்டியது. அதில் ஒரு பகுதி சுற்றுலாக் கப்பலுக்குக் கொண்டுபோன எரிபொருள். சாந்தா ஃபே தீவில் அடுத்த ஓராண்டுக்குள் கடல் இகுவானாக்களில் 62 சதவீதம் செத்துப்போயின. இன்றைக்கு ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் ஆட்கள் வருகிறார்கள். 2007-இல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. இதெல்லாம் உண்மை. பார்க்கப் போகிறவனாலும் கேடு வரும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் என்ன? கதவைச் சாத்தவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். நூறு பேருக்கு மேலே ஏற்றுகிற கப்பலுக்கு இடம் இல்லை. பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி. போட்ட பாதையை விட்டுக் கால் வெளியே போகக் கூடாது. ஒரே கப்பல் ஒரே இடத்துக்குப் பதினான்கு நாளைக்குள் திரும்பி வரக் கூடாது என்று 2012 முதல் விதி. நிலத்தில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. 2010-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள்.

இனிக் கறிவேப்பிலைக்குப் பதில். பின்டா என்று ஒரு தீவு. சுற்றுலாக்காரன் கால் வைக்காத தீவு. எதிரணிக்குப் பிடித்த தீவு! (சிரிப்பு) 1959-இல் அங்கே மூன்று ஆடுகளை விட்டார்கள். ஒரு கிடா, இரண்டு பெட்டை. பதினைந்து வருஷத்துக்குள் 30 ஆயிரத்துக்கும் மேலே! பச்சை என்று ஒன்று மிச்சமில்லை. அந்தத் தீவு ஆமையினத்தில் கப்பல்காரர்கள் வாரியது போக மிஞ்சியது ஒன்றே ஒன்று. 1971-இல் கண்டுபிடித்தார்கள். 'தனிமை ஜார்ஜ்' என்று உலகமே பெயர் வைத்தது. நாற்பது வருஷம் ஜோடி தேடினார்கள். வாரிசு இல்லாமலே 2012 ஜூன் 24 அன்று இறந்தது. யாராவது போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆடு மூன்றாக இருக்கும்போதே பிடித்துக் கட்டியிருக்கலாமே!

பக்கத்தில் வைத்துப் பார்க்க எஸ்பனோலாக் கதை. அங்கே மிஞ்சியது பதினாலு ஆமை: இரண்டு ஆண், பன்னிரண்டு பெண். அத்தனையையும் எடுத்து வளர்த்தார்கள். அமெரிக்க மிருகக்காட்சிசாலை ஒன்றிலிருந்து டீகோ என்கிற மாப்பிள்ளையையும் அழைத்து வந்தார்கள். இன்று அந்தத் தீவில் சுமார் இரண்டாயிரம் ஆமை. 2020 ஜூனில் அந்தப் பதினைந்து பெரியவர்களையும் சொந்த ஊரிலேயே கொண்டுபோய் விட்டார்கள். டீகோவுக்கு அப்போது வயது நூறுக்கு மேல். (பலத்த கைதட்டல்) கண் வைத்தவன் காப்பாற்றினான் ஐயா. கண்ணை மூடிக்கொண்டவன் காப்பாற்றவில்லை.

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துவிடுகிறேன். கடைசி நாள் புவர்ட்டோ அயோரா ஊரில் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனோம். தனிமை ஜார்ஜின் உடலைப் பதப்படுத்தி ஒரு அறையில் வைத்திருக்கிறார்கள். கழுத்தை நீட்டி, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்புகிற மாதிரி நிற்கிறார். யாரும் "இரண்டு மீட்டர்" என்று சத்தம் போடவில்லை. தேவையில்லை. நடுவில் கண்ணாடி இருக்கிறது. என் வீட்டம்மா அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "போகட்டுங்க அந்தக் கறிவேப்பிலை."

ஆகவே நடுவர் அவர்களே, போவோம், பார்ப்போம். பிள்ளைகளையும் கூட்டிப் போவோம். ஆனால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டு போவோம். அதைக் கற்காவிட்டால் நம் பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்ப்பார்கள். தேடிப் போய்ப் பார்ப்பதாலேயே காட்டுயிர் காக்கப்படுகிறது என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)