கதவுக்குப் பின்னால் போட்ட கோடுகள்

(எழுத்து வகுப்பில் படித்து முடித்தவர்கள் கூட்டத்தில் ஒரு தொண்டர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. நான் உயர்நிலைப் பள்ளி வரைதான் படித்தேன். பகலில் தையல் வேலை. மாலையில் எங்கள் லைனில் எழுத்து வகுப்பு நடத்துகிறேன். என் வகுப்பில் என் அம்மாவும் ஒரு மாணவி.

இன்று நான் பாடம் நடத்தப் போவதில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு வாரத்தைச் சொல்லப் போகிறேன். 2024-ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்திய வாரம் அது. வீட்டுக்கு வெள்ளை அடித்த வாரம்.

வெளியூரில் இருந்தும் வந்திருக்கிறீர்கள். அதனால் எங்கள் ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயல். 1880-ல் ஆங்கிலேயர் கம்பெனி இங்கே தங்கம் எடுக்க ஆரம்பித்தது. வட ஆற்காடு, சித்தூர் பக்கத்தில் இருந்து ஏழை மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. 1902-லேயே சிவனசமுத்திரத்தில் இருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் கட்டினார்கள். அவற்றைத்தான் லைன் வீடு என்கிறோம். ஓர் அறை. ஒரு சமையல் இடம். அவ்வளவுதான்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. என் அப்பாவுக்கு வேலை போனது. அன்று முதல் அப்பா விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார். இரவுதான் திரும்புகிறார். எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே கதைதான்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை. வீட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தோம். அம்மா 5 கிலோ சுண்ணாம்புக் கல் வாங்கி வந்தார். பழைய இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர் ஊற்றினோம். பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெறித்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் போடக் கூடாது. சூட்டில் உருகிவிடும். கல் தண்ணீரில் விழுந்ததும் புஸ்ஸென்று கொதித்தது. இரவு முழுவதும் ஊற விட்டோம்.

செவ்வாய்க்கிழமை. சுவரைச் சுரண்டினோம். பழைய சுண்ணாம்பு தாள் தாளாக உரிந்தது. ஒவ்வொரு தாளும் ஒரு பொங்கல். நான் ஜன்னல் பக்கம் சுரண்டினேன். அம்மா கதவுக்குப் பின்னால் சுரண்டினார். ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"என்னம்மா தேடறே?" என்று கேட்டேன்.

"கோடு" என்றார் அம்மா.

அன்றுதான் அந்தக் கதையை எனக்குச் சொன்னார்.

அம்மாவுக்கு ஒரு தோழி. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். இருவரும் ஒரே லைனில் பிறந்தவர்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். ஒரே வருடத்தில் கல்யாணம் ஆனவர்கள். பள்ளிக்கு இருவருமே போனதில்லை. 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது அம்மாவுக்கு 15 வயது. 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்காகத்தான் அந்த இயக்கமே. ஆனால் அம்மா தண்ணீர்க் குடத்தைத்தான் தூக்கினார். சிலேட்டைத் தூக்கவில்லை.

2009-ல் என் தம்பிக்குக் காய்ச்சல் முற்றி, மருத்துவமனையில் சேர்த்தோம். கையில் பணம் இல்லை. அத்தை தன் சீட்டுப் பணம் 3,000 ரூபாயைக் கொடுத்தார். வட்டி கேட்கவில்லை. "உன் கையில காசு வரும்போது 100, 100-ஆ குடுடி" என்றார். தம்பி பிழைத்தான்.

அம்மா கையில் காசு வரும்போதெல்லாம் 100 ரூபாய் கொடுத்தார். கொடுத்த அன்று கதவுக்குப் பின்னால் கரியால் ஒரு கோடு போடுவார். அத்தையும் கணக்கு வைத்திருந்தார். 100 ரூபாய் வந்தால், பழைய பவுடர் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடுவார். எழுதத் தெரியாதவர்களுக்கு அதுதான் நோட்டுப் புத்தகம். உங்களில் எத்தனை பேர் இப்படிக் கோடு போட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். பாருங்கள், பாதிப் பேர் தூக்குகிறீர்கள்.

2010 பொங்கல் வந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அப்பா வீட்டுக்கு வெள்ளை அடித்தார். கதவுக்குப் பின்னாலும் அடித்துவிட்டார். அவருக்குக் கோடு விஷயம் தெரியாது. அம்மா வந்து பார்த்தார். சுவர் பளபளவென்று இருந்தது. கணக்கு போய்விட்டது.

"24 கோடு இருந்தது. இன்னும் 600 ரூபாய்தான் பாக்கி" என்றார் அம்மா.

அத்தை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். "18 கொட்டைதான் இருக்கு. 1,200 ரூபாய் பாக்கி" என்றார்.

"நான் பொய் சொல்றேனா?" என்றார் அம்மா.

"அப்போ நான் பொய் சொல்றேனா?" என்றார் அத்தை.

அம்மா 600 ரூபாயைப் புரட்டி, அத்தை வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். அன்றோடு பேச்சு நின்றது. அத்தை வீடு மூன்று லைன் தள்ளித்தான் இருக்கிறது. 14 வருடம் பேசவில்லை. சுரங்கத்தில் வேலை செய்த அத்தை வீட்டு மாமா, நெஞ்சில் கல்தூசி சேர்ந்த நோயால் 2015-ல் இறந்தார். அன்று அம்மா தெருமுனை வரை போனார். அங்கேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்தார்.

எங்களுக்கு அப்போது காரணம் சொல்லவில்லை. "அங்கே போகாதே" என்று மட்டும் சொன்னார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் தெரியுமா? அந்தப் பவுடர் டப்பா எனக்குத் தெரியும்.

2009-ல் எனக்குப் பத்து வயது. அத்தை மகளும் நானும் மண்ணில் குழி தோண்டிப் பல்லாங்குழி ஆடுவோம். கொட்டை குறைந்தால், பரண் மேல் இருந்த அந்த டப்பாவில் இருந்து எடுப்போம். ஆடி முடித்துச் சில நாள் திரும்பப் போடுவோம். சில நாள் மறந்துவிடுவோம். எத்தனை எடுத்தோம், எத்தனை போட்டோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

புதன்கிழமை. ஊறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டினோம். ஒட்டிப் பிடிக்க ஒரு கை உப்பு போட்டோம். வெண்மைக்குக் கொஞ்சம் நீலம் கலந்தோம். மோர் பதத்தில் கரைத்தோம். சுவரைத் தண்ணீரால் நனைத்துவிட்டு முதல் பூச்சு அடித்தோம். கெட்டியாக ஒரே தடவை அடித்தால் உதிர்ந்துவிடும். மெல்லியதாக இரண்டு, மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது.

ஒரு முக்கியமான விஷயம். கூரைப் பக்கம் அடிக்கும்போது சுண்ணாம்பு கண்ணில் விழலாம். விழுந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது. உடனே சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். இருபது நிமிடமாவது கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சுண்ணாம்பு கண் பார்வையையே எடுத்துவிடும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மதியம் சாப்பிடும்போது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"14 வருஷம், பாப்பா" என்றார். அதற்கு மேல் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை. இரண்டாவது பூச்சு முடிந்தது. சுவரின் அடியில் காவிப் பட்டை இழுத்தோம். கதவுக்கு அடிக்க அப்பா பச்சை பெயின்ட் வாங்கி வந்திருந்தார். அம்மா டப்பாவைக் கையில் எடுத்து, எழுத்துக் கூட்டிக் கம்பெனி பெயரைப் படித்தார். சின்ன எழுத்தை என்னைப் படிக்கச் சொன்னார். முன்பெல்லாம் பெயின்ட்டில் ஈயம் கலப்பார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதை டப்பாவிலும் எழுத வேண்டும். எங்கள் டப்பாவில் எழுதியிருந்தது. நீங்களும் வாங்கும்போது பாருங்கள். எழுத்து இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை. வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா மட்டும் போகவில்லை. நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்தார். எழுத ஆரம்பித்தார். என்னைப் பக்கத்தில் வர விடவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. பிறகு என்னிடம் காட்டினார். இவ்வளவுதான் எழுதியிருந்தார்:

"தோளிக்கு. எனக்கு எழுத வந்துவிட்டது. நீ பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. கொட்டையை என் மகள் விளையாட எடுத்தாள். வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். பொங்கலுக்கு வா."

தோழி என்று எழுத வேண்டியதைத் தோளி என்று எழுதியிருந்தார். நான் ஆசிரியை. திருத்தக் கை போனது. ஆனால் திருத்தவில்லை. அது அம்மாவின் முதல் கடிதம்.

"போன்ல பேசலாமே அம்மா" என்றேன். "போன்ல பேசினா சண்டைதான் வரும். இதுல சண்டை வராது" என்றார். தம்பி ஓடிப் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை. காலையில் இருந்து அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தார். மதியம் ஆனது. யாரும் வரவில்லை. நான்கு மணி இருக்கும். வாசலில் அத்தை நின்றார். முடி நரைத்திருந்தது. கையில் அந்தத் தாள் இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா? என் மகளும் கல்யாணமாகிப் போயிட்டா. வேற யார் கிட்டயும் காட்ட எனக்கு மனசு வரல. இன்னா எழுதியிருக்கே? எழுதினவளே படி" என்றார்.

அம்மா தாளை வாங்கினார். நின்றபடியே, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "நீ பொய் சொல்லவில்லை" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மீதியைப் படித்தார். நான் அத்தையின் காலைத் தொட்டு, நடந்ததைச் சொன்னேன். "உன் கூட என் மகளும்தானே எடுத்தா, கண்ணு" என்றார் அத்தை.

பணப் பேச்சும் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? 600 ரூபாயை அம்மா நீட்டினார். அத்தை வாங்கவில்லை. "எத்தனை கொட்டை போச்சுன்னு யாருக்குத் தெரியும்? உன் கோட்டையும் நீ மறந்திருக்கலாம்" என்றார். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்தார்கள். 300 ரூபாயை அத்தை வாங்கிக்கொண்டார்.

அம்மா நோட்டை எடுத்தார். தேதி போட்டார். "300 ரூபாய் கொடுத்தேன். பாக்கி இல்லை" என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். மை டப்பாவை அத்தை பக்கம் தள்ளினேன். அத்தை விரலை மடக்கிக்கொண்டார்.

"கைநாட்டு வேணாம். இந்த இடத்தைக் காலியா வை. நான் வந்து எழுதறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போகி. பழைய பாயையும் கிழிந்த துணியையும் எரிப்பார்கள். அம்மா எதையும் எரிக்கவில்லை. பிளாஸ்டிக்கையும் டயரையும் எரித்தால் புகை நெஞ்சைக் கெடுக்கும். மாமாவின் இருமலை நாங்கள் பார்த்திருக்கிறோம். விடியற்காலையில் அம்மாவும் அத்தையும் சேர்ந்து வாசலில் கோலம் போட்டார்கள். நிலைப்படியில் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. "புள்ளி தப்பு", "அந்தப் பக்கம் இழு" என்று அவ்வளவுதான் பேசினார்கள்.

அக்காமார்களே, அம்மாமார்களே, எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 14 வருடம் திரும்பி வராது. மாமாவின் சாவுக்கு அம்மா போகாதது போகாததுதான். நல்லவர்கள் இரண்டு பேர். இருவருமே நேர்மையாகக் கணக்கு வைத்தார்கள். ஆனால் ஒரு கணக்கைச் சுண்ணாம்பு அழித்தது. இன்னொரு கணக்கைக் குழந்தைகள் எடுத்து விளையாடினோம்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். கொடுத்தாலும் வாங்கினாலும் தேதி எழுதுங்கள். யார், எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதுங்கள். இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கு ஒரு நகல் வையுங்கள். நெருங்கிய தோழியிடம் எதற்கு எழுத்து என்று நினைக்காதீர்கள். தோழி என்பதால்தான் எழுத வேண்டும்.

அந்த நோட்டு இதோ, என் கையில் இருக்கிறது. பொங்கல் முடிந்த வாரமே அத்தை வகுப்பில் சேர்ந்தார். ஏப்ரல் மாதம் ஒரு நாள், வகுப்பு முடிந்ததும் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினார். காலியாக விட்ட இடத்தில் தன் பெயரை எழுதினார். கோடு கொஞ்சம் வளைந்திருக்கிறது. ஆனால் படிக்க முடிகிறது.

கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.