பாட்டில்லாத படமும் பூம்புகார்ப் பூதமும்



"ஏங்க, பாட்டு எப்பங்க வரும்?"

பூம்புகார்ப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை. அறுவடை முடிந்து எல்லார் கையிலும் நாலு காசு புழங்கிய நேரம். மணலைக் குவித்து, அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்து நான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர்தான் இப்படிக் கேட்டார். படம் ஆரம்பித்து அரை மணி ஆகியிருக்கும். பக்கத்தில் இருந்தவர், "வரும் பெரியப்பா, இடைவேளை விடட்டும்" என்று சமாதானம் சொன்னார். இடைவேளை வந்தது. முறுக்கு வந்தது, சோடா வந்தது. பாட்டு மட்டும் கடைசிவரை வரவில்லை. படம் போடுவதற்கு முன் கொட்டகை வாசலில் குழாய் கட்டிப் போட்டார்களே, அந்தப் பக்திப் பாட்டுதான் அன்றைக்கு நாங்கள் கேட்ட ஒரே பாட்டு.

அந்தப் படத்தின் பெயர் 'அந்த நாள்'. ஏவி.எம். நிறுவனம் எடுத்து, 1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டன்று வெளியிட்ட படம். இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர். அப்போது அவருக்கு வயது 27. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. தமிழில் அப்படி வந்த முதல் படம் அது. அதற்கு முந்தைய மாதம்தான் 'மனோகரா' வெளியாகி, சிவாஜி கணேசனின் வசனம் ஊரெல்லாம் முழங்கிக்கொண்டிருந்தது. அதே சிவாஜி இங்கே குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். அதுவும் யாராக வருகிறார்? எதிரி நாட்டுக்கு ரகசியம் விற்கும் உளவாளியாக!

இந்தப் படத்தைப் பற்றி வானொலியில் பேசுவதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. ஒரு திரைப்பட விழாவில் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தைப் பார்த்த பாலசந்தர், அதே பாணியில் ஒரு நாடகம் எழுதினார். அதை அகில இந்திய வானொலிக்கு அனுப்பினார். வானொலி வேண்டாம் என்று திருப்பிவிட்டது. அப்புறம்தான் அந்தக் கதை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய்ப் படமானது. அன்றைக்கு வானொலி அதை ஏற்றுக்கொண்டிருந்தால், ஒரு மாலையில் ஒலித்து, காற்றோடு போயிருக்கும். திருப்பி அனுப்பியதால் இன்றுவரை நிலைத்து நிற்கிறது. ஆனாலும் அதன் பிறவிக்குணம் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை புரியும். கதாநாயகன் ராஜன் என்ன தொழில் செய்கிறான் தெரியுமா? ரேடியோ என்ஜினீயர்!

கதை இதுதான். 1943 அக்டோபர். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் விடியற்காலை. ஒரு வீட்டில் துப்பாக்கி வெடிக்கிறது. ராஜன் சரிந்து விழுகிறான். கதாநாயகன் முதல் காட்சியிலேயே செத்துப்போகிறான்! விசாரிக்க வருகிறார் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம். இந்த வேடத்தில் நடித்தவர் ஜாவர் சீதாராமன். படத்தின் வசனமும் அவர் எழுதியதுதான். பிற்பாடு 'பட்டணத்தில் பூதம்' படத்தில் பூதமாக வந்தாரே, அவரேதான்.

சிவானந்தம் ஒவ்வொருவராகக் கேட்கிறார். பக்கத்து வீட்டுச் சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபியைக் கைகாட்டுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே சந்தேகிக்கிறான். ஹேமா, ராஜனோடு பழகிய அம்புஜத்தைச் சொல்கிறாள். அம்புஜமோ சுற்றி வந்து சின்னையாவைக் காட்டுகிறாள். நாலு பேர், நாலு கதை. செத்த ராஜனும் ஒவ்வொரு கதையில் ஒவ்வொரு மாதிரி உயிரோடு வருகிறான். ஒருத்தர் பார்வையில் கருமி, இன்னொருத்தர் பார்வையில் காதலன்.

வள்ளுவர் திருக்குறளில் ஒற்றர்களுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். 59ஆவது அதிகாரம், ஒற்றாடல். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்க்க வேண்டும், அவர்கள் ஒருவரை ஒருவர் அறியக்கூடாது, மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போனால் நம்பலாம் என்பது அவர் தரும் கணக்கு. சிவானந்தத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு பேர் சொன்னதுகூட ஒத்துப்போகவில்லை.

எங்கள் புகார் நகரத்தில் இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி இருந்தது. சிலப்பதிகாரம் சொல்கிறது, நாலு தெரு கூடும் சதுக்கத்தில் ஒரு பூதம் நின்றதாம். பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுபவன், அரசனுக்குத் துரோகம் செய்யும் அமைச்சன், பிறன் மனைவியை விரும்புபவன் என்று வகை பார்த்து, பாசம் வீசிப் பிடித்து அடித்துத் தின்றுவிடுமாம். சற்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் அப்படி ஒரு பூதம் நின்றிருந்தால், 'அந்த நாள்' படம் பத்தே நிமிடத்தில் முடிந்திருக்கும். பொய் சொன்னவர்களும் போயிருப்பார்கள், துரோகியும் போயிருப்பான். பூதம் இல்லாத ஊரில் மனிதன்தான் உட்கார்ந்து, பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. படம் நெடுக நடப்பது அந்தக் கேட்டல்தான்.

முடிவில்தான் பாலசந்தர் குரோசாவாவை விட்டு விலகுகிறார். 'ரஷோமோன்' படத்தில் உண்மை எது என்பது கடைசிவரை தெரியாது. நம் ஆளுக்கு அது ஒப்பவில்லை. கொன்றது யார் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்.

நடிகர்கள் வந்து சேர்ந்த கதையும் சுவையானது. ராஜனாக முதலில் நடிக்கத் தொடங்கியவர் எஸ்.வி. சகஸ்ரநாமம். கொஞ்சம் எடுத்துப் பார்த்தபோது வயது கூடுதலாகத் தெரிகிறது என்று தோன்றியது. அடுத்து வந்தவர் கல்கத்தா விஸ்வநாதன். அதுவும் செட்டியாருக்கு நிறைவு தரவில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டுச் சிவாஜியை அழைத்தார்கள். கையை விட்டுப் போன வேடத்தோடு விஸ்வநாதன் கதை முடிந்துவிடவில்லை. சத்யஜித் ராய் எடுத்த 'காஞ்சன்ஜங்கா' படத்தில் அவர் நடித்தார். 'மூன்று முடிச்சு' படத்திலும் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

சிவாஜி நம் தஞ்சை மண்ணோடு உறவுள்ளவர். சூரக்கோட்டை என்றாலே இந்தப் பக்கம் அவர் ஞாபகம்தான் வரும். 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், முதல் காட்சியிலேயே சாகிற, நாட்டைக் காட்டிக்கொடுக்கிற ஒரு வேடத்தை ஏற்க ஒரு தைரியம் வேண்டும். 'பராசக்தி'யில் அவருக்கு ஜோடியாக நடித்த பண்டரிபாய், இதில் ராஜனின் மனைவி உஷா. தேசப்பற்று மிகுந்த பெண். ராஜன் கெட்டிக்காரன், ஆனால் தன் திறமைக்கு இங்கே மதிப்பில்லை என்ற மனக்குறை உள்ளவன். அந்தக் குறையைப் புரிந்துகொண்டு ஜப்பான்காரன் விலை பேசினான். இவன் விலைபோனான்.

இங்கே ஒரு நிமிடம் படத்தை நிறுத்திவிட்டு, நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1943இல் சென்னைமேல் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டது நடந்த கதை. சேதம் பெரிதில்லை, பயம்தான் பெரிது. நம் டெல்டாக் கரைக்கும் அந்தப் போர் அந்நியமில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர்களின் குடும்பங்கள், மலேயா ஜப்பான் கைக்குப் போனபின் கடிதமும் இல்லாமல் காத்துக் கிடந்தன. அதே பினாங்கில் இந்திய இளைஞர்களுக்கு உளவுப் பயிற்சி தந்து, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி, கேரளத்துத் தானூர்க் கடற்கரையில் இறக்கினார்கள். வந்தவர்கள் பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட 4 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ராஜன் சுடப்படும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு! பிரிட்டிஷ் ஏட்டில் அவர்கள் எதிரியின் ஒற்றர்கள். நமக்கு அவர்கள் விடுதலைக்கு உயிர் கொடுத்த தியாகிகள். ராஜன் செய்ததும் ஜப்பானுக்கு உளவு, அவர்கள் வந்ததும் ஜப்பான் கப்பலில். என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஒன்றுதான் எனக்குப் படுகிறது. அவர்கள் தங்களைக் கொடுக்க வந்தார்கள். ராஜன் ஊரை விற்றான். இந்த வித்தியாசத்தைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. உள்ளே இறங்கி விசாரித்தால்தான் தெரியும்.

விசாரணை என்றதும் பூம்புகார்க்காரனுக்கு வேறொருத்தி நினைவுக்கு வந்தே தீருவாள். எங்கள் ஊர்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் சுவர்களில் கல்லில் நிற்கிறாளே, அந்தக் கண்ணகி. அவள் புருஷன் கோவலன் திருடவில்லை. பாண்டியன் விசாரிக்கவில்லை. பொற்கொல்லன் ஒருவன் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் கொல்லச் சொல்லிவிட்டான். ஒரே ஒரு சாட்சி, ஒரே ஒரு கட்டளை. மதுரை எரிந்தது.

உஷா கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் வந்து 70 வருடம் தாண்டிவிட்டது, முடிவைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள். ராஜனைச் சாய்த்த குண்டு, உஷாவின் கையில் இருந்த துப்பாக்கியிலிருந்து வந்தது. கண்ணகியின் புருஷன் குற்றமற்றவன், அவனுக்காக அவள் ஊரை எரித்தாள். உஷாவின் புருஷன் குற்றவாளி, ஊருக்காக அவனுக்கு எதிராக அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். சிலம்பைத் தலைகீழாகக் கவிழ்த்த கதை இது. பாலசந்தர் கண்ணகியை நினைத்து எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1942இல்தான் கண்ணாம்பா நடித்த 'கண்ணகி' கொட்டகைகளில் ஓடியது. அதைப் பார்த்து அழுத கண்கள்தான் 12 வருடம் கழித்து உஷாவையும் பார்த்தன. பத்தினி என்றால் புருஷனுக்காக நிற்பவள் என்று பழகியிருந்த கண்களுக்கு உஷாவைப் பார்த்ததும் திக்கென்றுதான் இருந்திருக்கும்.

படம் வெளியானபோது பாட்டில்லாத ஏமாற்றத்தில் கொட்டகைகளில் கூச்சல் எழுந்தது. வசூலும் சுமார்தான். பிறகு தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. அந்த வருடத் தமிழ்ப்படத்துக்கான வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ள'னுக்குப் போனது. விருதுக்குப் பிறகு மறுபடி திரையிட்டபோதுதான் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அப்புறம் பாட்டில்லாமல் படம் எடுக்கத் துணிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்', பாலு மகேந்திராவின் 'வீடு', கமல்ஹாசன் நடித்த 'குருதிப்புனல்'. ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் உத்தியை அரை நூற்றாண்டு கழித்து 'விருமாண்டி'யில் மறுபடி பார்த்தோம்.

தமிழில் உளவுப் படங்கள் பின்னால் நிறைய வந்தன. ஜெய்சங்கர் 'வல்லவன் ஒருவன்' ஆனார், 'சி.ஐ.டி. சங்கர்' ஆனார். கமல் 'விக்ரம்' ஆனார். அவர்கள் எல்லாரும் ஜேம்ஸ்பாண்டின் தம்பிகள். ஜேம்ஸ்பாண்டின் முதல் நாவல் வெளிவந்தது 1953 ஏப்ரல் 13. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே ஏப்ரல் 13இல் 'அந்த நாள்'. ஆனால் வகை வேறு. அங்கே உளவாளி கதாநாயகன், ஊர் ஊராகச் சுற்றுகிறான். இங்கே உளவாளி நம்மோடு ஒரே கூரைக்குக் கீழே காப்பி குடிக்கிறான். இன்னொரு தற்செயலும் உண்டு. வீணை பாலசந்தர், கச்சேரிக்காகப் போன பிலாய் நகரில் 1990இல் காலமானார். அந்தத் தேதியும் ஏப்ரல் 13தான்.

ஒரு சங்கீத வித்வான் எதற்காகப் பாட்டே இல்லாத படத்தை எடுத்தார்? வீணை வாசிக்கிறவருக்குத் தெரியும், தந்தியை மீட்டிய பிறகு காத்திருக்கும் அந்தக் கணத்தில்தான் நாதம் முழுதாக வெளிவரும் என்று. இந்தப் படத்தின் மௌனங்களை அப்படித்தான் நான் கேட்கிறேன்.

கொட்டகைக்குத் திரும்புகிறேன். படம் முடிந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, வரப்போரமாக நடந்து வந்தோம். முன்னால் அரிக்கேன் விளக்கு. பாட்டு கேட்ட பெரியவரும் எங்களோடுதான் வந்தார். வெகுதூரம் ஒன்றும் பேசவில்லை. பாட்டு வராத கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாய்க்கால் மதகுகிட்ட வந்ததும் நின்றார்.

"ஏம்ப்பா தம்பி, அந்தப் பொண்ணை இனிமே என்ன பண்ணுவாங்க?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கூட வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஜெயில் என்றார் ஒருவர். விட்டுவிடுவார்கள் என்றார் இன்னொருவர். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கண்ணகிக்குக் கோயில் கட்டினாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மதகைத் தாண்டித் தன் தெருவுக்குத் திரும்பிப் போனார்.