கண்ணாடிக்குப் பின்னால் யார்? – 'கேண்டிமேன்' படத்தை முன்வைத்துச் சில கேள்விகள்



நினைவுச் சொற்பொழிவு என்பதால் கனமான தலைப்பை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் ஒரு பேய்ப்படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். கொல்லப்பட்டவரின் கதையை யார் சொல்வது, எப்படிச் சொன்னால் கொன்றவர் தப்பித்துக்கொள்கிறார் என்பவை நம் எழுத்தின் அடிப்படைக் கேள்விகள். அந்தக் கேள்விகளை இந்தப் படம் தெளிவாக நம் முன் வைக்கிறது.

படத்தின் பெயர் 'கேண்டிமேன்'. 1992இல் வந்தது. இயக்கியவர் பெர்னார்ட் ரோஸ். கிளைவ் பார்க்கரின் 'தி ஃபார்பிடன்' என்ற சிறுகதைதான் மூலம். அந்தக் கதை இங்கிலாந்தின் ஏழைகள் குடியிருப்பு ஒன்றில் நடக்கிறது. ஹெலன் என்ற ஆய்வாளர் அங்கே சுவர்க் கிறுக்கல்களைப் படமெடுக்கப் போகிறார். அங்குள்ள பெண்கள் அவரிடம் கொலைக்கதைகள் சொல்கிறார்கள். ஹெலனுடைய படித்த நண்பர்கள் விருந்து மேசையில் உட்கார்ந்து அவற்றுக்கு ஆதாரம் கேட்கிறார்கள். அது வர்க்கம் பற்றிய கதை. கொல்லும் உருவத்துக்கு அதில் முன்கதை கிடையாது.

ரோஸ் கதையைச் சிக்காகோவின் கப்ரினி-கிரீன் குடியிருப்புக்கு மாற்றினார். அரசு கட்டிய அடுக்குமாடிகள். கறுப்பின ஏழைகள் வாழ்ந்த இடம். பேய்க்கும் ஒரு வரலாறு கொடுத்தார். அவன் ஓர் அடிமையின் மகன், தேர்ந்த ஓவியன். வெள்ளைப் பணக்காரர் ஒருவரின் மகளை ஓவியமாகத் தீட்டப் போனான். இருவரும் காதலித்தார்கள். ஒரு கும்பல் அவனுடைய கையை ரம்பத்தால் அறுத்தது. உடலெங்கும் தேன் பூசித் தேனீக்களிடம் விட்டது. பிறகு எரித்தது. கண்ணாடியைப் பார்த்து அவன் பெயரை ஐந்து முறை சொன்னால் வருவான் என்பது நம்பிக்கை.

உங்களில் பலருக்கு இந்நேரம் மதுரைவீரன் நினைவுக்கு வந்திருப்பான். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மியைக் காதலித்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இரண்டு கதைகளும் ஒரே அநீதியில்தான் தொடங்குகின்றன. ஆனால் நம் மக்கள் கொல்லப்பட்டவனைச் சாமியாக்கினார்கள். படையல் போட்டார்கள், பிள்ளைகளுக்கு அவன் பெயர் வைத்தார்கள். வீரன் நம்மைக் காப்பவன். கேண்டிமேனோ கப்ரினி-கிரீனில் இருக்கும் கறுப்பின ஏழைகளைக் கொல்கிறான். வெள்ளையர் கும்பலால் எரிக்கப்பட்டவனுடைய ஆவி ஏன் தன் மக்களையே கொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்தப் படத்தைத் தாண்டிப்போக முடியாது.

இதற்கான பதில் உளவியல் திகில் கதையின் மரபுகளில் இருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வெளியாளின் கண். இவ்வகைக் கதைகளில் வெளியிலிருந்து ஒருவர் அந்த இடத்துக்குள் நுழைவார். அவர் பயப்படும்போது நாமும் பயப்பட வேண்டும். ஹெலன் வெள்ளைக்காரப் பெண். அவரோடு சேர்ந்து மாடிப்படி ஏறும்போது, அங்கே குடியிருப்பவர்களே நமக்குப் பயங்கரமாகத் தெரிகிறார்கள். அந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்கும் பெண்ணின் பயம் நமக்குத் தெரிவதேயில்லை. சேரிக்குள் கேமரா தூக்கிக்கொண்டு வருபவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, பேயா மனப்பிறழ்வா என்ற ஊசலாட்டம். கொலைகளைச் செய்தது ஹெலனா, கேண்டிமேனா? மருத்துவமனையில் எடுத்த ஒளிப்பதிவில் அவர் வெறும் வெளியைப் பார்த்துக் கத்துகிறார். படத்தின் நுட்பமான பகுதி இது. ஆனால் இந்த ஊசலாட்டம் தொடங்கியதும் கதை முழுக்க ஒரு வெள்ளைப் பெண்ணின் மனத்துக்குள் போய்விடுகிறது. எரிக்கப்பட்டவனின் வரலாறு அவருடைய மனச்சிக்கலுக்குப் பின்புலமாகச் சுருங்குகிறது.

மூன்றாவது, முன்கதையைச் சொல்பவர். எல்லாப் பேய்க்கதையிலும் யாராவது ஒருவர் பழைய கதையைச் சொல்ல வேண்டும். இதில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் சாப்பாட்டு மேசையில், தன் புலமையைக் காட்டிக்கொள்ள, அந்தக் கும்பல் கொலையை விவரிக்கிறார். கப்ரினி-கிரீனில் ஒருவர்கூட அதை முழுதாகச் சொல்வதாகப் படத்தில் இல்லை. நம் சாவு இன்னொருவருடைய விருந்தில் பேச்சுக்குச் சுவையாகிறது.

படத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஹெலன் வசிக்கும் விலையுயர்ந்த அடுக்குமாடியும் கப்ரினி-கிரீனின் அதே வரைபடத்தில் கட்டப்பட்டது என்று அவரே கண்டுபிடிக்கும் காட்சி இருக்கிறது. சுவரும் அதே, குளியலறை அமைப்பும் அதே. பூச்சு மாறியிருக்கிறது, வாடகை ஏறியிருக்கிறது. ஊரும் சேரியும் ஒரே கையால் வரையப்பட்டவை என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

அந்தக் குளியலறைக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. 1987இல் சிக்காகோவின் வேறொரு அரசுக் குடியிருப்பில் ஒரு கறுப்பினப் பெண் கொல்லப்பட்டார். பக்கத்து வீட்டுக் குளியலறைக் கண்ணாடி அலமாரியைக் கழற்றினால் இந்த வீட்டுக்குள் நுழைந்துவிடலாம் என்ற அளவுக்கு மோசமான கட்டுமானம் அது. யாரோ வருகிறார்கள் என்று அவர் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். காவலர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பதில் இல்லையென்று திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து உடலை எடுத்தார்கள். வழக்கு நடந்தது, யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இந்தச் செய்தியைத்தான் படம் தன் கதைக்குள் எடுத்துக்கொண்டது.

கண்ணாடிக்குப் பின்னால் உண்மையில் யார் இருந்தார்கள்? மட்டமாகக் கட்டியவர், பழுதுபார்க்காத வீட்டுவசதித் துறை, கதவைத் திறக்காத காவலர்கள், கொன்றவர்கள். படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பேய் இருக்கிறது. பேயின் மீது வழக்குப் போட முடியாது. திகில் மரபின் ஆபத்து இதுதான். துயரத்தை வைத்துக்கொள்ளும், குற்றவாளியை விட்டுவிடும்.

2021இல் நியா டகோஸ்டா என்ற கறுப்பினப் பெண் இயக்குநர் இதே கதைக்குத் தொடர்ச்சி எடுத்தார். ஜோர்டன் பீலும் சேர்ந்து எழுதினார். அதற்குள் கப்ரினி-கிரீனின் உயர்மாடிகள் முழுவதும் இடிக்கப்பட்டுவிட்டன. 2011இல் கடைசிக் கட்டடமும் போயிற்று. டகோஸ்டா மூன்று மரபுகளையும் மாற்றினார். கதையை அங்கே வளர்ந்த ஒருவரே சொல்கிறார். பழைய கொடுமைகளை நடித்துக் காட்டாமல் காகித நிழல்பொம்மைகளால் காட்டுகிறார். சிதைந்த உடலை வேடிக்கை பார்க்க நமக்கு அனுமதி கிடையாது. கேண்டிமேன் ஒருவன் அல்ல, காலந்தோறும் அநியாயமாகக் கொல்லப்பட்ட கறுப்பின ஆண்களின் வரிசை என்கிறார். அவர்களில் ஒருவரைக் காவலர்களே அடித்துக் கொல்கிறார்கள். பிறகு அவர் நிரபராதி என்று தெரிகிறது. முடிவில் காவல் வண்டிக்குள் ஒரு பெண்ணிடம் பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டுகிறார்கள். அவள் கண்ணாடியைப் பார்த்து ஐந்து முறை பெயரைச் சொல்கிறாள். 1992இல் அந்தப் பெயர் சாபம். இங்கே அது முறையீடு.

அதே படம் நம்மையும் ஒரு கேள்வி கேட்கிறது. அதன் நாயகன் கறுப்பின ஓவியன். தன் மக்களின் சாவை ஓவியமாக்கிக் காட்சிக்கூடத்தில் வைத்துப் பெயர் வாங்கப் பார்க்கிறான். பிறப்பால் உள்ளாளாக இருப்பது மட்டுமே நேர்மைக்குச் சான்று ஆகிவிடாது. எழுதுகிற நாம் இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போய்க் கதை சேகரிக்கும்போது இரண்டு நோட்டு எடுத்துச் செல்லுங்கள். பாட்டி சொல்லும் கதையை, அந்தப் புளியமரத்தில் நிற்கும் ஆவியை, அவர் சொன்ன சொல் மாறாமல் ஒன்றில் எழுதுங்கள். நீதிமன்றம் எழுதாததை அந்தக் கதைதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. இன்னொன்றில் தேதி, இடம், புகார் கொடுத்தார்களா, முதல் தகவல் அறிக்கை போட்டார்களா, அந்த நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். முதல் நோட்டு மட்டும் இருந்தால் பேய் மிஞ்சும். இரண்டாவது மட்டும் இருந்தால் கோப்பு மிஞ்சும். இரண்டும் சேர்ந்தால்தான் இறந்தவர் மனிதராகத் திரும்பி வருவார்.